சக்கரத்துள் ஓர் இடுக்கி

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குப் பயணம் என்றாலே பாதி மலைப்பயணம்தான். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஒரு பாதை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஒரு பாதை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஒரு பாதை. மூன்றும் நம்மைக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கொண்டு சேர்ப்பன. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறுவதும் அந்தி சாயும் வேளையில் இறங்கி வருவதும் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. ஏற்றத்தில் எஞ்சின் சோர்ந்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் பிரேக் சோர்ந்தால் வண்டி நிற்காது. இவ்வுண்மையை நாம் நூல் வழியாகக் கற்கவில்லை, பட்டே கற்றோம்.

நம்மிடம் ஒரு பழைய மாருதி 800 உண்டு. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியின் மீது நமக்குத் தனிப் பற்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடை விடுமுறையில், அதனைப் புதுப்பொலிவுடன் காணும் ஆசை பிறந்தது. பெரிய கார்களின் சக்கர இடைவெளியில் செந்நிறமாய் மின்னும் பிரேக் காலிப்பர்களைக் கண்டு மயங்கியிருந்த நாம், தேனிக் கடையொன்றில் சிவப்பு வண்ணக் குப்பி ஒன்றை வாங்கி வந்தோம். முன்சக்கரங்களைக் கழற்றினோம், மேலாகத் துணியால் துடைத்தோம், பிஸ்டனின் ரப்பர் உறை, நகரும் ஊசிகள், பேட் அமரும் இடம் என்று எதனையும் பாராமல் கண்ட இடமெல்லாம் வண்ணத்தை அடித்தோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தெருவே பார்த்து மெச்சியது. நாமும் நெஞ்சு நிமிர்ந்தோம்.

அடுத்த வாரமே குடும்பத்துடன் போடிமெட்டுக்குச் சென்றோம். ஏறும்போது குறையொன்றும் தெரியவில்லை. திரும்பி இறங்குகையில், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடக் கடக்கவில்லை. எதுவோ கருகும் நெடி எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது மிதி பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தது. முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைச்சுவரை ஒட்டி எவ்வாறோ வண்டியை நிறுத்தினோம். பின்னிருக்கையில் நம் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்த அக்கணத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

தோட்ட வேலை முடித்து வந்த ஜீப் ஒன்று அருகே நின்றது. நாம் கேளாமலே ஒரு மூதாட்டி இறங்கி, சாலையோரக் கல்லொன்றைத் தூக்கி வந்து முன்சக்கரத்திற்கு அண்டை கொடுத்தார். ஓட்டுநர் இடப்பக்கச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சார், இது சுடுது, அந்தப் பக்கம் அவ்வளவா இல்ல. நல்லா ஆறட்டும். தண்ணியை ஊத்திடாதீங்க. அப்புறம் முதல் கியர்லயே முந்தலுக்கு இறங்குங்க" என்றார். ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்து, மிதி மீண்டும் கெட்டிப்பட்டதைப் பார்த்த பின்னர், அவ்வாறே ஊர்ந்து இறங்கினோம்.

மறுநாள் தேனியில் நாம் நன்கறிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பல்லை விளக்காம உதட்டுக்குச் சாயம் பூசியிருக்கீங்களே!" என்றார். நாணத்தால் தலைகுனிந்தோம். பின்னர் அவரே நமக்கு ஆசிரியரானார்.

கொல்லன் உலையில் பழுத்த இரும்பைப் பற்றும் கருவியை நாம் இடுக்கி என்கிறோம். காலிப்பரும் ஓர் இடுக்கியே. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் இருபுறமும் இரண்டு பேட்கள். மிதியில் நாம் தரும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியே பிஸ்டனை அடைய, அது ஒரு பேட்டை நேரே தள்ளுகிறது. காலிப்பர் ஊசிகளின் மீது நகர்ந்து மறு பேட்டை இழுத்து அணைக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைச் சற்றே பின்னிழுப்பது சுருள்வில் அன்று. அதனைச் சுற்றியுள்ள சதுர விளிம்புடைய ரப்பர் வளையமே. அழுத்தத்தில் வளைந்த அது, மீண்டும் நிமிரும்போது பிஸ்டனையும் உடன் இழுத்துக்கொள்கிறது. இம்மயிரிழை அசைவில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. நாம் அடித்த வண்ணமோ பேட் அமரும் இடத்தில் தடித்து உறைந்து, அதனை விலகவிடாமல் பிடித்துக்கொண்டது. ஊசிகளில் முன்பே இருந்த துருவும் அதற்குத் துணைபோயிற்று. இடுக்கி பற்றியது, விடவில்லை.

வட்டுத் தடைக்கான காப்புரிமையை இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் பெற்றது 1902இல். 1953ஆம் ஆண்டு லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் இத்தகைய தடைகளோடு ஓடி வென்ற பின்னரே உலகம் இதன் அருமையை உணர்ந்தது. விரைந்து ஓடுவதற்கு முதல் தேவை, வேண்டும்போது நிற்கும் உறுதி என்பதை அவ்வெற்றி காட்டிற்று.

மலையில் இதன் சுமை எத்தகையது? ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 26 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்கும்; இல்லையேல் பிரேக்கே தாங்க வேண்டும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு வரையறுத்த அளவோ 140 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். குமிழ் அமுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. அன்று மிதி பஞ்சானதன் காரணம் இதுவே. பல ஆண்டுகளாக நாம் ஆயிலை மாற்றியதே இல்லை.

இம்முறை வேலையை நம் வீட்டு முற்றத்திலேயே, அவர் மேற்பார்வையில், இரண்டு நாள் செய்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டிக்கு அடியில் உறுதியான தாங்கிகளை வைத்தோம். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். மிதியை மெல்ல அழுத்திப் பிஸ்டனை வெளிக்கொணர்ந்த பின் குழாயிலிருந்து அதனைப் பிரித்தோம். பிரேக் தூசியை ஊதித் தள்ள முனைந்தபோது தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார். பழைய பேட்களில் கல்நார் இருக்கக்கூடும். ரப்பரைக் கழுவ மண்ணெண்ணெயை எடுத்தபோதும் கையைப் பிடித்தார். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அந்த ரப்பரை ஊதிப் பெருக்கவைக்குமாம். புதிய வளையங்களைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்தே பொருத்தினோம். ஊசிகளின் துருவை நீக்கி, அதற்கெனவுள்ள சிலிக்கோன் கிரீசைத் தடவினோம். விரலால் தள்ளினாலே காலிப்பர் வழுக்கி நகர்ந்தது.

வண்ணம் இறுதியில்தான் வந்தது. வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பிஸ்டன் துளை, ஊசித் துளை, பேட் அமரும் இடம், காற்று எடுக்கும் திருகு அனைத்தையும் டேப்பால் மறைத்து, வெப்பம் தாங்கும் வண்ணத்தை மெல்லிய மூன்று பூச்சாகப் பூசினோம். சிவப்பை விடுத்து வெளிர் சாம்பலைத் தேர்ந்தார் அவர். "ஆயில் ஒழுகினா அந்த இடம் உரிஞ்சு உடனே கண்ணுக்குத் தெரியும், தம்பி" என்றார். அழகுக்கும் ஒரு பணி உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

எல்லாம் பூட்டிய பின் காற்று எடுத்தோம். மகன் உள்ளே அமர்ந்து மிதித்தான். "மிதி", "பிடி", "விடு" என்னும் மூன்று சொற்களே அந்த மாலை முழுதும் முற்றத்தில் ஒலித்தன. குமிழ் அற்ற தெளிந்த ஆயில் வழிந்தபோது அவன், "அத்தா, இப்ப மிதி கல்லு மாதிரி இருக்கு!" என்று கூவினான். பெரியவர் தாமே ஒருமுறை மிதித்துப் பார்த்து, ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்கு விடை தந்தார்.

பின்னர் ஒருநாள் மீண்டும் போடிமெட்டிலிருந்து கியரிலேயே இறங்கினோம். முந்தலில் வண்டியை நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டினோம். இரண்டிலும் ஒரே அளவான வெப்பம். அந்நேரம் பெண்களைச் சுமந்த ஜீப் ஒன்று நம்மைக் கடந்து சென்றது. அன்று கல் தூக்கி வந்த மூதாட்டி அதில் இருந்தாரா என்று தெரியவில்லை. எனினும், அவரைப் போன்ற எத்தனையோ பேர் நாள்தோறும் தம் உயிரை ஒப்படைப்பது, வெளியே தெரியாத அந்த இடுக்கியின் தூய்மையிடம்தான் என்ற எண்ணம் நெஞ்சில் நின்றது.

இம்மலரைப் புரட்டும் மாணவ நண்பர்கள் நாளை வண்டிகள் வாங்கலாம், வண்ணமும் பூசலாம். பூசுமுன் ஒருமுறை உள்ளே துடைத்துப் பாருங்கள். நாம் வேண்டுவது அவ்வளவே.