யாரை வாங்குவது?

போட்டிகள் இல்லாத ஜூன், ஜூலையில்தான் உதைபந்தாட்ட ரசிகைக்கு யோசனை அதிகம். என் கழகமான லிவர்பூலுக்கு அடுத்த பருவத்தில் யார் தேவை?

"கோல் அடிக்கிற ஆள்தான்" என்பார் நானா. நான் மறுத்தால், "பொம்புளப் புள்ளக்கி இதில என்ன வெளங்கும்?" என்று சிரிப்பார். அப்போது 2018ஐ எடுத்துக்காட்டுவேன்.

2017/18 பருவத்தில் சலாஹ் மட்டும் லீக்கில் 32 கோல்கள் அடித்தார். ஆனாலும் அணி வாங்கிய கோல்கள் 38. கியேவில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், கோல் காப்பாளரின் இரண்டு தவறுகளோடு 3-1 எனத் தோற்றோம். அந்த ஜனவரியில்தான் எல்லோருக்கும் பிடித்த கூட்டின்ஹோ பார்சிலோனாவுக்கு விற்கப்பட்டார். 75 மில்லியன் பவுணுக்குப் பின்வரிசை வீரர் வான் டைக் வந்தார். ஜூலையில் கோல் காப்பாளர் அலிசன் வந்தார். அடுத்த பருவத்தில் லீக்கில் வாங்கிய கோல்கள் 22 மட்டுமே. 2019இல் சம்பியன்ஸ் லீக் கிண்ணம். 2020இல், 30 வருடங்களுக்குப் பிறகு, லீக் பட்டம்.

இதற்கு நானாவிடம் பதில் இல்லை. ஆசைப்பட்ட வீரர் வேறு, அணிக்குத் தேவையான வீரர் வேறு. ஆகவே ஒவ்வொரு பருவ முடிவிலும் புள்ளி அட்டவணையில் வாங்கிய கோல்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன். வீரர்களின் பெயர்கள் அதற்குப் பிறகுதான்.