லேக் வியூ ரோட்டில் ஒரு கிணறு

மதுரைப் பக்கத்து மேலூரிலிருந்து வந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்குச் சென்னை மீது நெடுநாள் மனத்தாங்கல். திட்டமே இல்லாமல் இஷ்டத்துக்கு வளர்ந்த ஊர், மழை பெய்தால் மிதக்கும், பெய்யாவிட்டால் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடும் என்பது அவர் கணிப்பு. அவருடைய அப்பா கண்மாய் நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வீட்டில் வளர்ந்தவர் தை மாதம் மேற்கு மாம்பலத்தில் அக்கா மகள் வீட்டுக்கு வந்து இறங்கியதும், தெருப்பெயரைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: “லேக் வியூ ரோடுன்னு போட்டிருக்கே, ஏரி எங்கம்மா?”

“தெரியல மாமா. பேரு அப்படித்தான்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கீழே சத்தம். பழைய தனிவீட்டை இடித்துக் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு அது. அந்த வீட்டுக் கிணறு மட்டும் பின்பக்கம் தப்பி நிற்கிறது. அதை மூடிக் கான்கிரீட் போட்டால் இரண்டு கார் நிறுத்தலாம் என்பது சங்கச் செயலாளரின் யோசனை. மெட்ரோ வாட்டர் வருகிறது, போர் இருக்கிறது, கிணறு எதற்கு என்று இரண்டு மூன்று பேர் ஒத்து ஊதினார்கள். தரைத்தளத்தில் குடியிருக்கும் மாமிக்கு எண்பதை நெருங்கும் வயது. கிணற்றடியை விட்டு நகரவே இல்லை.

“மூடப்படாது. பத்தொம்பதுல எந்தக் காரு ஜலம் குடுத்தது? சொல்லுங்கோ.”

யாரும் பதில் சொல்லவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் அங்கே நின்ற எல்லோரும் பார்த்தவர்கள். அந்தக் கோடையில் இந்தக் கட்டடத்தின் போரில் வெறும் காற்றுதான் வந்ததாம். கிணறு மட்டும் இரவெல்லாம் ஊறி, விடிந்ததும் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்ததாம். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

ஆசிரியர் மட்டும் நின்றார். கம்பி வலை மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உறைக்கிணறு. மேலிருந்து எண்ணினார்: ஐந்தாவது உறையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. மூன்றாவது உறை இடுக்கில் ஓர் அரசங்கன்று. மொட்டைமாடியிலிருந்து வந்த குழாய், கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் இறங்கியிருந்தது. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் அந்த மணலை அள்ளிக் கழுவிப் போடுவது மாமிதான்.

“உள்ள வாங்கோ, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றார் மாமி.

அந்தக் காபி டம்ளரோடு உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியரின் கணிப்பு ஆட்டம் கண்டது. மாமியின் மாமனார் சொன்ன கதை: மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமாக ஓர் ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், அதில் படகுப் போட்டிகூட நடத்தினார்கள். நகரம் பெருகி வீட்டுமனைக்கு நெருக்கடி வந்தது. 1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே, நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியை வற்றவைத்து மாம்பலம் மனைப்பிரிவை உருவாக்கினார்கள். 1925-ல் காலமான தியாகராயர் பெயரில் தியாகராய நகர், முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் நடுவில் ஒரு பூங்கா, பூங்காவிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், உஸ்மான், நடேசன் என்று கட்சித் தலைவர்களின் பெயர்கள். பின்னாளில் 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அதே ஏரிப்படுகையில்தான் நிற்கிறது. ஏரிக்கு மேற்கே ஒதுங்கியிருந்த மாம்பலத்தில் தெருப்பெயர் மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் திட்டமே இல்லாமல் வளர்ந்த ஊர் என்பது சரியில்லை. திட்டம் இருந்திருக்கிறது, அக்கறையோடு போட்ட திட்டம். வீட்டுக்கு, சாலைக்கு, பூங்காவுக்கு இடம் விட்டவர்கள், ஏரி வாங்கிக்கொண்டிருந்த வெள்ளம் இனி எங்கே போகும் என்பதற்கு மட்டும் போதிய இடம் விடவில்லை.

மதுரையை உயர்த்திப் பேச வாய் வந்தது. அடக்கிக்கொண்டார். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை திறந்த இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது.

மத்தியானம் 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாகத் தி.நகருக்குள் நடந்தார். அவர் தேடிப் போனது மாம்பலம் கால்வாயை. தி.நகரில் பெய்யும் மழை நந்தனம் வழியாக அடையாற்றில் சேர இருக்கும் முக்கியமான வழி அது. பல இடங்களில் இரண்டு சுவர்களுக்கு நடுவே கறுத்த நீராய், சில இடங்களில் சிமென்ட் பலகைக்கு அடியில் ஓடுகிறது. ஒரு பாலத்தருகே எட்டிப் பார்த்தபோது ஒரு மெத்தை, தெர்மாகோல், இளநீர்க் கூடுகள். கடைக்காரர் ஒருவர், “கால்வாயா? ஓடைன்னு சொல்லுங்க சார்” என்று திருத்தினார்.

அங்கிருந்து பாண்டி பஜாருக்குப் போனார். 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நல்ல காரியம், வாகனங்களுக்கு ஒதுக்கிய சாலையை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. குடும்பம் குடும்பமாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசிரியருக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மாம்பலம் கால்வாயில் நடந்துகொண்டிருந்த பணிகளின் இடிபாடு நீரோட்டத்தை மறித்தது என்ற புகார் எழுந்தது. அதன்பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் குழுவை அரசு அமைத்தது. மேலே கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கும் கீழே தண்ணீர் போகிற வேலைக்கும் ஒரே கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். மேலூரில் வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் கண்மாய்க் கரையை மட்டும் பலப்படுத்தினால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் மயிலாப்பூரில் சித்திரகுளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நாலு பக்கமும் வீடுகள் நெருக்கினாலும் குளம் குளமாகவே இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிக் குப்பை மேடாகக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்ததும் இதே நகரம்தான். வந்த அன்றைக்கு இருந்த கோபம் அவரிடம் இப்போது இல்லை. முடியாது என்று சொல்ல இந்த ஊருக்குக் காரணம் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் மறுபடி கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அதே ஐந்தாவது உறையில். மாமியிடம் ஒரு நோட்டு வாங்கித் தேதியையும் உறை எண்ணிக்கையையும் எழுதினார். மாசாமாசம் இப்படி எழுதி வைத்தால் அடுத்த கூட்டத்தில் பேச்சுக்குப் பதில் கணக்கைக் காட்டலாம் என்றார். அரசங்கன்றை வேரோடு பிடுங்கச் சொன்னார். விட்டால் உறையைப் பிளந்துவிடும்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு பழைய கிணறு மூடிக் கிடக்கலாம். அதன்மேல் கார் நிறுத்தக் கையெழுத்துப் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். உறைகளை எண்ணுங்கள். மாடிக் குழாயை அதற்குள் திருப்பிவிடுங்கள்.