ஆக்சில் மாத்தியாச்சு, ஷாக்?

பழைய மஹிந்திரா ஜீப்புக்கு வேற ஆக்சில் ஏத்துற தம்பிகளுக்கு: சூலக்கரை தொழிற்பேட்டைப் பக்கம் போய் ‘ரெண்டு இஞ்சு நீளமா ஷாக் குடுங்கண்ணே’ன்னு குத்துமதிப்பா கேட்காதீங்க. அளந்துட்டுப் போங்க.

ஒரு பக்கம் ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி வச்சு, பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டுற வரைக்கும் ஏத்துங்க. இப்ப ஷாக்கோட மேல் மாட்டுக்கும் கீழ் மாட்டுக்கும் இடைவெளி எவ்வளவு? முழுசா சுருங்குன ஷாக் அதைவிடச் சின்னதா இருக்கணும். இல்லேன்னா ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும். சீல் போய் எண்ணெய் வழியும்.

அடுத்து சேஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிடுங்க. இப்பவும் அதே இடைவெளியை அளங்க; ஷாக்கோட விரிஞ்ச நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடணும். பிரேக் ஹோஸ் எட்டுதான்னும் அப்பவே பாத்துக்கோங்க, அது உயிர் விஷயம். கரிசக்காட்டு ஓடையில ஒரு சக்கரம் தொங்கும், எதிர்ச் சக்கரம் முட்டும்; சமதரையில நிக்கிற உயரம் மட்டும் பத்தாது.

வண்டியில மாற்றம் செய்யறதைப் பத்திச் சொல்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐயும் படிச்சுட்டு வண்டியில கை வைங்க.