ஸ்காட்லாந்து மலையில் மூன்றடுக்கு ஆடை

ஸ்காட்லாந்தின் வடபுல மலைநாட்டில் வெயிலும் மழையும் ஒரே நாளில் மாறிமாறி வருவது இயல்பு. 1,345 மீட்டர் உயர்ந்த பென் நெவிஸ் சிகரம் இங்குதான் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்று வீசினாலோ குளிர் இன்னும் கடுமையாகும்.

ஓநாய்கள் அற்றுப்போன இம்மலைகளில் செம்மான்கள் அளவின்றிப் பெருகாதிருக்க, குளிர்காலத்தில் பெண்மான்களைச் சுடுகின்றனர். வேடன் வியர்க்க வியர்க்க மேடேறுகிறான். பின்னர் ஈரப்புதரில் அசையாது படுத்துக் காத்திருக்கிறான். ஆபத்து அப்பொழுதுதான் தொடங்குகிறது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் அறிவு மயக்கமும் தோன்றும், உயிரும் போகலாம்.

ஆகவே உடலையொட்டி மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் தடித்த கம்பளி, புறத்தே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என மூன்றடுக்கு வேண்டும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும். மானின் செவி கூரியதாதலின் சரசரக்கும் துணி ஆகாது. எஸ்டேட் உரிமையாளர்கள் தத்தம் மலையின் நிறத்தில் ட்வீட் துணி நெய்வித்தனர். பால்மோரலுக்கென ஆல்பர்ட் இளவரசர் வகுத்த சாம்பல்நிற ட்வீட், அங்குள்ள கருங்கல்லை ஒத்தது.

ஏறுமுன் நடு ஆடையைக் கழற்றிப் பையில் நனையாது வைத்து, மேலே சென்று அமர்ந்தவுடன் அணிந்துகொள்ள வேண்டும். குளிர் எடுத்தபின் உடுத்தலாம் என்றிருப்பவனை மலை பொறுப்பதில்லை.