பொங்கலுக்கு கேஷ்பேக்... பெட்ரோலுக்கு பட்டை நாமம்!

சென்னைக்காரர்களுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் தெற்கே மகாபலிபுரம். இரண்டு நாள் கிடைத்தால் பாண்டிச்சேரி (ஏன் என்று கேட்கக் கூடாது!). வடக்கே அறுபது கிலோ மீட்டருக்குள் பழவேற்காடு என்று ஓர் ஊர் இருப்பது, இறால் சாப்பிடும்போது மட்டும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

இத்தனைக்கும் சாதாரண ஊரா அது? ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி. பெரும் பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஒற்றைக் காலில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஆபீஸ் நண்பன் ஒருவனும் பைக்கில் கிளம்பினோம். எனக்கு ஏரி பார்க்க ஆசை. அவனுக்குப் புதிதாக வந்திருந்த கிரெடிட் கார்டைப் பார்க்க ஆசை. "பயணச் செலவுகளுக்கு 5 சதவிகிதம் கேஷ்பேக்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம்.

"மச்சான், பயணம்தானே போறோம்? எல்லாச் செலவும் நான் பண்றேன். திரும்பி வரும்போது பாதி ட்ரிப் ஓசி!"

ரெட் ஹில்ஸ் தாண்டி ஐநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டான். "அம்பேல்" என்றேன். முறைத்தான்.

விஷயம் இதுதான். நீங்கள் கார்டைத் தேய்க்கிற ஒவ்வொரு கடைக்கும் ஒரு நான்கு இலக்க எண் உண்டு. வணிகர் வகைக் குறியீடு என்று பெயர். இதற்கு உலகம் பூராவும் பொதுவான தர விதியே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 18245 என்று. விமானக் கம்பெனிகளுக்கு 3000-லிருந்து வரிசையாகத் தனித்தனி எண். ரயில் 4112. பஸ் 4131. டாக்ஸி 4121. டிராவல் ஏஜென்ஸி 4722. லாட்ஜ், ஹோட்டல் 7011. சாப்பாட்டுக் கடை 5812. பெட்ரோல் பங்க் 5541.

நீங்கள் எதற்காகச் செலவு செய்தீர்கள் என்பது பேங்க் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாரிடம் செய்தீர்கள் என்று இந்த எண் சொல்வதுதான் அதற்கு வேதம். பெட்ரோல் இல்லாமல் பயணம் ஏது என்று நாம் கேட்கலாம். ஆனால் 5541, பெரும்பாலான பேங்குகளின் 'பயண'ப் பட்டியலில் இருப்பதில்லை. பல கார்டுகளில் பெட்ரோலுக்குப் போடும் சர்சார்ஜில் ஒரு சதவிகிதத்தைத் தள்ளுபடி செய்வதோடு சரி.

இந்த எண்ணைக் கொடுப்பது உங்கள் பேங்க் இல்லை. கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த பேங்க். மெஷின் வாங்கும் அன்று "என்ன வியாபாரம்?" என்று கேட்டு ஓர் எண்ணை ஒட்டிவிடுவார்கள். பிறகு அவர் போர்டை மாற்றலாம், பெயின்ட் மாற்றலாம். எண் தானாக மாறாது.

அதனால்தான் அடுத்து நடந்தது நடந்தது. தச்சூர் கூட்டுரோடுக்கு முன்னால் ஓர் ஓட்டலில் டிபன். பொங்கல், வடை, பூரி, இரண்டு காபி. பில் 420 ரூபாய். கார்டைத் தேய்த்ததும் நண்பனின் செல்போனில் மெஸேஜ் வந்தது. ஆப்பைத் திறந்து பார்த்தால், வகை: தங்குமிடம். கேஷ்பேக்: 21 ரூபாய்!

நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் லாட்ஜ். மேலே ரூமுக்கும் கீழே வடைக்கும் ஒரே மெஷின். ஆக, பயணத்துக்குப் போட்ட பெட்ரோல் பயணம் இல்லை. பயணத்தில் தின்ற பொங்கல் பயணம்!

*

பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டில் நுழைந்தால் முதலில் மூக்குக்குக் கருவாடு. அப்புறம் கண்ணுக்கு டச்சுக் கல்லறை. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள் டச்சுக்காரர்கள். நம் நெசவாளர்களிடம் துணி வாங்கி, அதை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று மாற்றினார்கள். சொந்தமாக நாணயமும் இங்கே அடித்துக்கொண்டார்கள். கோட்டை இன்று வெறும் புதர் மண்டிய மேடு. பி.காம். படித்த எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது: பண்டம் மாறியது, நாணயம் மாறியது. நடுவில் நின்று கமிஷன் எடுப்பவன் மட்டும் மாறவில்லை.

கரைக்கு வந்தோம். "படகுல ஒரு ரவுண்டு போலாம்டா. படகுக்கும் எண் இருக்கா?" என்றான்.

இருக்கிறது. வாடகைப் படகு 4457. உள்ளூர்ப் பயணிகள் தினமும் போய்வரும் படகு என்றால் 4111. ஆனால் பழவேற்காட்டுப் படகுக்காரர் இடுப்பில் மெஷினா இருக்கும்? தவிர, 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். கரையிலிருந்தே ஏரி அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அப்போதுதான் ஏரிக்கும் ஒரு குறியீடு உண்டு என்று தெரிந்தது. அதன் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக இருக்கும் முறை. இறால் நிறையக் கிடைக்கும் இடங்களைப் பங்கு பிரித்து, எந்த இடத்தில் யார் எந்த நாள் சுத்து வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள்.

"நல்ல எடத்தையே ஒருத்தன் புடிச்சிக்கினா மத்தவன் பட்டினி கெடக்கணுமே சார். அதுக்குத்தான் முறை. இன்னிக்கு அவன், நாளைக்கு நான்."

"முறையில பேரு இல்லாதவங்க?"

பெரியவர் பதில் சொல்லாமல் தண்ணீரைக் காட்டினார். கழுத்தளவு நீரில் சில பெண்கள். இருளர்கள். வலை கிடையாது. சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலை, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பதென்றால் என்ன என்று அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 5 சதவிகிதம் பற்றி நண்பனும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை.

*

கிளம்பும்போது, கரையோரம் கூடை வைத்திருந்த அக்காவிடம் ஒரு கிலோ இறால் கேட்டான். நானூறு ரூபாய். கை தன்னிச்சையாகப் பர்ஸுக்குப் போய் கார்டை உருவியது.

"இன்னா தம்பி அது, ரேஷன் கார்டா?"

பக்கத்தில் மகனின் கியூஆர் அட்டை தொங்கியது. நண்பன் புத்திசாலி. செல்போனில் இணைத்திருந்த ரூபே கிரெடிட் கார்டால் ஸ்கேன் செய்தான். பணம் போகவில்லை. ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யில் சேர்க்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. ஆனால் வியாபாரி என்று பதிவான அட்டைக்குத்தான் போகும். இது மகனின் சொந்தக் கணக்கு அட்டை. பேங்க் கணக்கிலேயே அந்தக் கம்ப்யூட்டருக்கு அக்கா வியாபாரி இல்லை, யாரோ ஒரு பையனின் அம்மா.

கடைசியில் ரொக்கம் கொடுத்தான். அக்கா எடை போட்ட பிறகு, ஒரு கை இறாலை அள்ளிக் கூடுதலாகப் போட்டார். "கொசுறு! ஊட்ல தங்கச்சி கைல குடு."

கார்டில் வரும் கேஷ்பேக், பெரும்பாலும் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்திலிருந்து பேங்க் பிட்டுக் கொடுப்பது. அக்கா கொடுத்தது அவர் கூடையிலிருந்து. எப்படியும் முப்பது, நாற்பது ரூபாய் தேறும். அன்றைய கேஷ்பேக்கை விட அதிகம்.

கார்டு வைத்திருப்பவர்களுக்கு மூன்று யோசனை. ஒன்று, கார்டு விதிகளில் 'பயணம்' என்றால் எந்தெந்த எண்கள் என்று படியுங்கள். விமான டிக்கெட்டை ஏஜென்ஸியில் வாங்கினால் 4722 ஆகிவிடலாம். சில கார்டுகளுக்கு அது பயணம், சிலவற்றுக்கு இல்லை. இரண்டு, ஆப்பில் இருக்கும் பணப்பையில் காசு ஏற்றி டிக்கெட் வாங்கினால், ஏற்றியது 6540. அதற்குப் பல கார்டுகளில் ஒன்றும் கிடையாது. மூன்று, பெரிய செலவுக்கு முன்னால் அதே இடத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கிப் பாருங்கள். எந்த வகையில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

மாதம் பிறந்ததும் நண்பனுக்கு ஸ்டேட்மென்ட் வந்தது. 21 ரூபாய் வரவு வைத்திருந்தார்கள். சந்தோஷமாக மனைவியிடம் காட்டியிருக்கிறான். அவர் 21 ரூபாயைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் வரியைப் பார்த்தார்.

"ஏரி பார்க்கப் போனேன்னுதானே சொன்னீங்க? ஞாயித்துக்கெழம காலைல எட்டரை மணிக்கு லாட்ஜுல என்ன வேலை?"

7011 பற்றி விளக்க, இன்று சாயங்காலம் என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். சாட்சிக்கு அந்தப் பொங்கல் பில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்!