கற்பனை எண்ணுக்கு இரண்டு பெயர்

கற்பனையை விற்றுப் பிழைக்கிறவன் நான். ஆகவே கணிதத்தில் 'கற்பனை எண்' என்று ஒன்று உண்டு என அறிந்த நாள் முதல் அதன்மேல் எனக்கு ஓர் உறவுமுறைப் பாசம். எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் ஒன்று வரும்? சாதாரண எண்களில் அப்படி ஒன்றும் கிடையாது. 1637-இல் டேக்கார்ட் இத்தகையவற்றைக் 'கற்பனை' என்று சொல்லி ஒதுக்கினார். 1777-இல் ஆய்லர் அதற்கு 'ஐ' என்ற ரோமன் எழுத்தைக் கொடுத்தார்.

மறைமலை நகரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, என்ஜினீயரிங் முதலாண்டு படிக்கும் அவர் மகன் அலுத்துக்கொண்டான். "பள்ளிக்கூடத்தில் ஐ என்றார்கள் மாமா, இங்கே ஜே என்கிறார்கள்!" படிப்பையே விட்டுவிடுகிறேன் என்கிறான் என்று அவன் தாயார் கண் கலங்கினார்.

"தம்பி, மின்சாரக்காரர்கள் ஐ-யை மின்னோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு கந்தசாமி இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு யார் வருவது? அதனால்தான் ஜே. 1893-இல் மாறுதிசை மின்சாரக் கணக்குக்கு இந்த எண்ணைக் கையாண்டு காட்டிய ஸ்டைன்மெட்ஸ் எழுதியதும் ஜேதான். உங்கள் ஊர்ப் பெயரையே பாரேன். வேதாசலம் என்ற பெயரை 1916-இல் மறைமலை என்று ஆக்கிக்கொண்டார் அடிகள். வேதம் மறை, அசலம் மலை. அவர் மாற்றியது கொள்கைக்காக. இவர்கள் மாற்றியது வசதிக்காக. இரண்டிலும் ஆள் மாறவில்லை."

பையன் சிரித்தான். ஆனால் பயம் போகவில்லை. "இல்லாத எண்ணை வைத்து இருக்கிற மோட்டாரை எப்படி மாமா கணக்கிடுவது?"

அதுதான் உண்மையான கேள்வி. எழுத்து அவனைக் கெடுக்கவில்லை. 'கற்பனை' என்ற சொல் கெடுத்திருக்கிறது.

ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். ஜே-யால் பெருக்குவது என்றால் அந்தக் கோட்டைக் கால் வட்டம், அதாவது 90 பாகை, திருப்புவது. இருமுறை திருப்பினால் நேர் எதிர்த்திசை. அதுதான் மைனஸ் ஒன்று! மோட்டாரில் மின்னோட்டம், மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதை ஜே சொல்கிறது. அது அதிகமானால் பவர் ஃபாக்டர் குறைந்து, ஆலைக்காரர் அபராதம் கட்ட நேர்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் கெபாசிட்டர் வைக்கிறார்கள். கற்பனை எண் காட்டும் கணக்குக்கு நிஜ ரூபாய்!

1831-இலேயே காஸ் என்ற கணித மேதை, இதைக் கற்பனை என்னாமல் 'பக்கவாட்டு' எண் என்றிருந்தால் இத்தனை இருட்டு சூழ்ந்திராது என்று வருந்தினார். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: பெயரைப் பிறகு சொல்லுங்கள், முதலில் அந்தக் கால் வட்டத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.