ஆறாவது மோட்டை

மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, முல்லைத்தீவு வீதியில் கிழக்கே திரும்பியவர்களுக்குத் தெரியும். ஊர் கண்ணில் படுவதற்கு முன்னமே மூக்கில் வந்துவிடும். வெயிலில் வெந்த பாலை இலை, யாரோ அடுப்பில் தள்ளிய வீரை விறகு, எருமைச் சாணம், எல்லாவற்றுக்கும் அடியில் குளத்துச் சேற்றின் குளிர்ந்த வாசம். தட்டி வான் ஒட்டுசுட்டான் கோயிலடியைத் தாண்டும்போது ஆச்சி கைகூப்பிக் கண்ணை மூடுவா. குரக்கன் ஒட்டைச் சுட்ட புனத்தில் மண்வெட்டி பட்டு இரத்தம் கசிந்த சிவன் அவர். காடு வெட்டிப் பிழைக்க வந்தவனுக்கு முன்னமே காட்டுக்குள் குடியிருந்தவர் என்று அப்பு சொல்வார். அங்கிருந்து எங்கள் ஊருக்கு மணல் பாதைதான். மாரியில் அதுவும் இல்லை.

எங்கள் வளவுக்கு மூன்று பக்கம்தான் வேலி. நாலாவது பக்கம் காடு. அந்தப் பக்கம் அலம்பல் வேலி போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாரியில் உக்கிப் போகும், இல்லாவிட்டால் ஆனை பிரித்துவிட்டுப் போகும். பிறகு விட்டுவிட்டார்கள். குசினி வாசலில் நின்று ஆச்சி கழுவித் தண்ணீர் ஊற்றினால் அது காட்டுக்குள் ஓடும். விடியப்புறம் கோழி கூவுகிறதா காட்டுக்கோழி கூவுகிறதா என்று பாயில் படுத்தபடியே பந்தயம் பிடிப்போம். எங்களுக்குக் காடு என்பது போய்வருகிற இடமாக இருக்கவில்லை. வீட்டின் பெரிய அறை மாதிரி, கொஞ்சம் இருட்டான அறை மாதிரி இருந்தது.

ஆனாலும் அந்த அறைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வளவு முடிகிற இடத்தில் ஒரு கிழட்டுப் பாலை. அதனடியில் காய்ந்த குழைகள் இடுப்பளவு குவிந்து கிடக்கும். தேனுக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும், அந்த இடத்தில் ஒரு குழை முறித்து ஐயனாருக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு கதை இல்லை. ஆனையை ஆனை என்று சொல்லக்கூடாது, ‘பெரியவர்’. கரடிக்குப் பெயரே இல்லை, அப்பு மூக்கைத் தொட்டுக் காட்டுவார். நடக்க நடக்க அவர் என்னிடம் மோட்டைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே வருவார். மான் வந்து தண்ணீர் குடிக்கிற அந்தச் சின்னப் பள்ளங்கள்தான் எங்கள் காட்டின் தெருப்பலகைகள். மொத்தம் ஏழு. ஆலடி மோட்டை, குருட்டு மோட்டை, கிடாய் விழுந்தான், தேன்தூக்கி என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். “வழி தவறினா அழாதை மோனை. எந்த மோட்டையில நிக்கிறாய் எண்டு அறிஞ்சு அங்கினையே இரு. ஆள் வரும்.” வாய்ப்பாடு படிப்பதற்கு முன்னம் நான் பாடமாக்கியது அதைத்தான்.

ஐப்பசி பிறந்தால் வாடை திரும்பும். கூரையில் மழை விழுகிற சத்தம் நாட்கணக்கில் நிற்காது. பள்ளிக்கூடம், தபால், சந்தை எல்லாம் அறுந்துபோகும். பெரியவர்களுக்கு அது கவலை, எங்களுக்குக் கொண்டாட்டம். குளம் நிறைந்து வான் பாய்கிறது என்ற செய்தி வந்தால் ஊர் முழுக்கக் கரப்பும் அத்தாங்கும் தூக்கிக்கொண்டு ஓடும். நீரை எதிர்த்து ஏறுகிற விராலைக் கரப்பால் மூடி, மேல் வாயால் கையை விட்டுத் துழாவுகிறபோது உள்ளங்கையில் அது திமிறும் பாருங்கள், அந்தத் திமிறல் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. இடி முழங்கிய மறுநாள் பெண்கள் காளானுக்குப் போவார்கள். எது தின்பது, எது ஆகாதது என்று ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும். அவ ஒவ்வொன்றாக எடுத்து, அடியைக் கிள்ளி, மணந்து பார்த்து, பெட்டியில் போடுவா. திரும்பி வருகிற வழியில் முசுட்டை இலையும் மடி நிறைய வரும்.

தையிலும் மாசியிலும் கதிர் முற்றுகிற காலத்துக் காவல் கொட்டில் இரவுகளை எப்படிச் சொல்ல? நாலு கம்பில் நிற்கிற பரண், அதன் கீழே அணையாத நெருப்பு. பன்றி இறங்கினால் தகரம் தட்டுவோம். பெரியவர் இறங்கினால் யானை வெடி. ஒரு வயலில் இருந்து ‘ஓஓ’ என்று கூப்பிட்டால் அடுத்த வயல் பதில் கொடுக்கும், அதற்கடுத்தது அதை வாங்கும். அந்தக் குரல் குளக்கட்டு வரைக்கும் போய்த் தேய்ந்து மறைகிறதைக் கேட்டபடிதான் நாங்கள் நித்திரையாவோம்.

ஆனி, ஆடி வந்தால் பாலைப்பழம். மஞ்சள் மணிகள் மாதிரிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வீட்டுப் பெண்கள், குஞ்சு குருமான் எல்லோரும் சாக்கும் ஓலைப்பெட்டியுமாகக் காலையிலேயே புறப்படுவோம். அதுதான் எங்கள் உல்லாசப் பயணம். பழம் தின்ன மரத்தில் கரடியும் இருக்கும் என்பதால் சின்னையா துவக்கோடு முன்னால் போவார். மரத்தடிக்குப் போவதற்கு முன் ஒரு கொட்டனால் அடிமரத்தில் தட்டி, காது கொடுத்து நிற்பார். பழம் பத்துத் தின்பதற்குள் பால் உதட்டை ஒட்டிவிடும். ஆச்சி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ச் சிமிழைத் திறந்து எங்கள் வாய்களைத் துடைப்பா. மிச்சப் பழம் வீட்டில் பெரிய சட்டியில் காய்ந்து காய்ந்து பாணியாகும். அன்றைக்கு வளவு முழுக்க இனிப்பு மணம்.

தேனுக்குப் போகிறவர் புகையிலைப் பெரியப்பா. எங்களுக்கு இரத்த உறவு இல்லை, எல்லோருக்கும் பெரியப்பா. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனிசன் மோட்டைக் கரையில் குந்தியிருந்து, தண்ணீர் குடிக்க வருகிற தேனீ எந்தத் திசைக்கு எழும்பிப் போகிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு எழும்பி நேரே நடப்பார். நாங்கள் பின்னால். முறிந்த பாலைக் கொம்பொன்றின் பொந்தில் காதை வைத்து, “இருக்கினம்” என்பார், வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்கள் என்கிற மரியாதையில். பச்சைக் குழைப் பந்தத்தால் புகை காட்டி, வதையை எடுத்து, எப்போதும் ஒரு துண்டை உள்ளேயே விட்டுவிடுவார். 1970களின் நடுப்பகுதியில் சீனிக்கும் பாணுக்கும் ஊரெல்லாம் வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அப்போது தேன்தான். வெறுந்தேத்தண்ணீரோடு உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேன் விட்டு நக்குவோம். பாலைப் பூத் தேன், வீரைப் பூத் தேன் என்று நாக்கு பிரித்துச் சொல்லும்.

இனி வேட்டை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனமில்லை, மறைக்கவும் மனமில்லை. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவென்று அப்புவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. வனவிலங்குச் சட்டம் 1937 தொடக்கம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆவணி வெயிலில் மோட்டைகள் வற்றி, கடைசித் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே நிலவுக்குப் பரண் கட்டுவார்கள். எனக்குப் பத்து வயதில் ஒரு இரவு என்னையும் ஏற்றினார். சட்டையைக் கழற்றிச் சாம்பல் பூசிவிட்டார், சவர்க்கார மணம் காற்றில் போகாமல். துவக்கில் எஸ்ஜி தோட்டா. கீழே கை அகலத் தண்ணீர், அதில் ஒரு துண்டு நிலா. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. இருட்டிலிருந்து இன்னொரு இருட்டுப் பிரிந்து வந்தது. மரை. கழுத்து மயிர் எனக்குத் தெரிகிற கிட்டத்தில் நின்று, குனியாமல், காதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மூக்குக்குள் ஏதோ ஊர்ந்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மரை முன்காலால் நிலத்தை ஓங்கி உதைத்து ஒரு சத்தம் போட்டது, காடே அதட்டினமாதிரி. பிறகு நிலா மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அடிவிழும் என்று தலையைக் குனிந்தேன். அப்பு என் முதுகில் கையை வைத்து, “பரவாயில்லை மோனை, அதுக்கும் விடாய்தானே, குடிக்காமப் போட்டுது” என்றார். விடியும்வரை வேறு எதுவும் பேசவில்லை. அந்த மிருகம் தாகத்தோடு போனதைத்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அந்தக் கிழமை மேற்கு வளவுக்காரருக்குப் பன்றி விழுந்தது. எங்கள் ஊரில் விழுந்த மிருகம் விழுத்தியவனுக்குச் சொந்தமில்லை. குழை பரப்பி, 14 வீட்டுக்கும் கூறு போடவேண்டும். ஆம்பிளை இல்லாத வீட்டுக் கூறு முதலில் எடுபடும். பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு ஈரல். நாய்க்கும் ஒரு கூறு, அது பிச்சை இல்லை, பங்கு. எங்கள் பங்கு ஓலைப்பெட்டியில் வந்தபோது நான் வெட்கத்தில் மாட்டுக்கொட்டிலுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஆச்சி இரண்டு கையாலும் வாங்கினா. வெறும் பெட்டி திருப்பிக் குடுக்கப்படாது என்று ஒரு சுண்டு மொட்டைக்கறுப்பன் அரிசி போட்டுக் கொடுத்தனுப்பினா. பிறகு என்னைக் கூப்பிட்டு வத்தலுக்குக் காவல் வைத்தா. இறைச்சியை நீட்டு நீட்டாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, கொடியில் போட்டால், காகத்துக்கு நீண்ட தடியோடு நான். மூன்று வெயில் காய்ந்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கி, அது கறுத்துச் சுருங்கிக் கயிறு மாதிரி ஆகும். மாரியில் ஒரு துண்டை நெருப்பில் வாட்டி, அம்மியில் வைத்து நைத்து, செத்தல் மிளகாயோடு எண்ணெயில் பொரித்துப் பழஞ்சோற்றுக்கு வைப்பா. வெளியே மழை. அந்த ருசியை நான் எந்த ஊரிலும் காணவில்லை.

வற்றாப்பளை அம்மனுக்குப் பாக்குத்தெண்டல் முடிந்துவிட்டது என்று தெரிந்த நாளில் துவக்கு முகட்டு வளையில் ஏறிவிடும். மச்சச் சட்டிகள் வெளிக்கொட்டிலுக்குப் போகும். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிகிற அந்த நாட்களில் மான் வளவுக்குள் வந்து மேய்ந்தாலும் யாரும் கல்கூட எறியமாட்டார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வண்டில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையால் இரவிரவாகப் போவோம். வண்டிலின் கீழே லாம்பு ஆடும். சில்லின் நிழல் மரங்களில் சுற்றிச் சுற்றி வரும்.

1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் சில எங்கள் பக்கம் குடியேறின. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் வீரையையும் முதிரையையும் பிரித்தறியப் புகையிலைப் பெரியப்பாதான் கூட்டிக்கொண்டு திரிந்தார். கூறு 14இலிருந்து 19 ஆனது. ஒருவரும் முகம் சுளித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் வீட்டு ரொட்டியும் சம்பலும் எங்கள் வீட்டுக்கு ஓலைப்பெட்டிகளில் வந்தன.

எண்பதுகளில் துவக்கு வீட்டை விட்டுப் போயிற்று. பிறகு காட்டுக்குள் வேறு வெடிகள் கேட்கத் தொடங்கின. அப்பு அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் திண்ணையிலிருந்து எழும்பி நிற்பார் என்று அம்மா கடிதத்தில் எழுதினா. 1990இல் ரயிலும் நின்றது. 2008 கடைசியில் மாமி அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அடுப்பில் உலை வைத்தபடி வளவை விட்டு இறங்கினா. அதற்குப் பிறகு வந்த போரின் கடைசி மாதங்களை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செட்டிகுளத்து முகாமிலிருந்து மாமி மட்டும் வெளியே வந்தா.

நான் 2012இல் போனேன். நீங்களும் அந்த வருசங்களில்தான் போயிருப்பீர்கள். குழை முறித்துப் போடுகிற அந்தப் பாலை அரையளவில் முறிந்து நின்றது. அதனடியில், குவியல் இருந்த இடத்தில், ஒரு சிவப்புப் பலகை. மண்டையோடு, மிதிவெடி என்று மூன்று மொழியில் எச்சரிக்கை. அதைத் தாண்டிப் போகக் கூடாதென்று கூட வந்த பொடியன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு போனபோது பலகை இல்லை, எல்லைக் கற்கள் இருந்தன. கல்லுக்கு அந்தப் பக்கம் பற்றை மண்டிப் பாதை மூடிப்போய்க் கிடந்தது. உள்ளே போகிறவர்கள் யாருமில்லை. எங்கேயோ ஒரு காட்டுக்கோழி கூவியது. பந்தயம் பிடிக்க ஆளில்லை.

வவுனியாவில் மாமியின் வீட்டில் இரவு பாயைப் போட்டு மோட்டைகளை எண்ணிப் பார்த்தோம். ஆலடி மோட்டை, குருட்டு மோட்டை, கிடாய் விழுந்தான், தேன்தூக்கி, சாமிமடு என்று ஐந்தும் வந்தன. கடைசி, பாலையடி மடு. அதில் சந்தேகமில்லை, அங்கேதான் மரை வந்தது. இடையில் ஒன்று வரவில்லை. மாமி கையைத் தலையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தா. “வாயில நிக்குது” என்றா. ஸ்காபரோவில் இருக்கிற சின்னையாவின் மகனுக்கு எடுத்துக் கேட்டோம். அவனும் ஐந்தைச் சொல்லி, ஏழாவதைச் சொல்லி, நடுவில் நின்றுவிட்டான். அங்கே அப்போது பகல், அவன் வேலைத்தலத்தில் நின்றான். பின்னால் ஏதோ யந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. “கொஞ்சம் பொறுங்கோ, வரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

சாமிமடுவைத் தாண்டி, இடப்பக்கம் ஒரு சாய்ந்த நாவல். அதன் வேரடியில் கல்லுப் பள்ளம், கோடையிலும் ஒரு சிரட்டைத் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் தேனுக்கோ விறகுக்கோ போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?